மூணு மணிக்கு ஒரு அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும். கும்பகோணத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். வயது 78. மழை, மாத்திரை, யார் வீட்டில் கல்யாணம் என்று ஒரு சுற்று வந்து முடிந்ததும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

‘‘இப்ப என்ன புக்கு படிக்கிற?’’

கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்த புதிதில் இதை இன்லேண்ட் லெட்டரின் கடைசி வரியில் கேட்டார். அப்புறம் எஸ்.டி.டி. பூத் காலத்தில், மீட்டர் ஓடும் பயத்தோடு கேட்டார். இப்போது செல்போனில் நிதானமாகக் கேட்கிறார். இத்தனை வருஷமும் என்னிடம் பதில் இருந்தது. போன தீபாவளிக்குப் பிறகுதான் இல்லாமல் போனது.

என்ன ஆச்சு என்று எனக்கே தெரியவில்லை. ஜனவரி புத்தகக் காட்சிக்குப் போய் 3,200 ரூபாய்க்கு 11 புத்தகங்கள் வாங்கி வந்தேன். கொண்டுவந்த துணிப்பையோடு பீரோ பக்கத்தில் அப்படியே நின்றன. தலைமாட்டில் ஒரு நாவல் இருந்தது. 46-ம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் ஐந்து மாதமாக நகரவே இல்லை. எடுத்தால் ஒரு பத்தி ஓடும். அதற்குள் கை தானாகப் போனைத் தேடும். திரும்பி வந்தால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே மறந்திருக்கும்.

இங்கிலீஷில் இதற்கு ‘ரீடிங் ஸ்லம்ப்’ என்று பெயராம். நம் பாஷையில் சொன்னால், ‘புத்தகம் ஓடலை’.

அம்மாவிடம் அதைச் சொல்ல வெட்கம். பொய் சொல்ல ஆரம்பித்தேன். எப்போதோ படித்த கதையை, நேற்றுதான் படித்ததுபோல அவிழ்த்துவிட்டேன். அம்மாவோ விடுவதாக இல்லை. ‘‘அப்புறம் என்ன ஆச்சு? கொஞ்சம் விவரமா சொல்லேன்’’ என்று துருவினார். முன்பெல்லாம் பேரைச் சொன்னாலே போதும், ‘‘சரி, நானும் லைப்ரரியில எடுக்குறேன்’’ என்பார். இப்போது ஏன் இந்தக் குறுக்கு விசாரணை என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

வட்டி கட்டிய கதை

காலேஜ் போகும் என் மகள்தான் முதலில் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தாள். ‘‘ஒரு மாசம், நாலு புக், ஒரு நாளைக்கு 40 பக்கம். சிம்பிள்மா!’’

மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் கேஸ் அடுப்பு ரிப்பேர். ஐந்தாம் நாளுக்கு 80 பக்கம் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு விருந்தாளிகள். ஆறாம் நாள் காலையில் கண் விழித்ததுமே 120 பக்கம் பாக்கி என்ற நினைப்புதான் வந்தது. வட்டிக்கு வாங்கியவள் மாதிரி புத்தகத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வாரத்தில் கடை மூடியாச்சு.

அப்போது ஒன்று உறைத்தது. அம்மா எப்படிப் படித்தார்? மூன்று பிள்ளைகள், விறகடுப்பு, மாமியார். நாளுக்கு 40 பக்கம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கவே முடியாது. அவரும் அவரைப்போன்ற ஆயிரக்கணக்கானவர்களும் பெரிய பெரிய நாவல்களைப் படித்தது தொடர்கதையாகத்தான். ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950-ல் தொடங்கி 1954 வரை வந்தது. அவசரப்பட்டாலும் அடுத்த வார அத்தியாயத்தைப் படித்துவிட முடியாது. கிடைத்த அளவைப் படித்து, அதை ஒரு வாரம் அசைபோட்டு, பக்கத்து வீட்டில் பேசி, தபால்காரருக்குக் காத்திருந்தார்கள். ஐந்து பாகத்தையும் அப்படியே கடந்தார்கள்.

அதில் பக்கக் கணக்கு கிடையாது. கொஞ்சமாக ஒரு பங்கு, அதற்கென்று ஒரு நேரம், மறுபடி எப்போது வரும் என்று ஓர் ஆவல். என் மாதத்தையும் அப்படியே போட்டுப் பார்ப்போம் என்று பழைய டைரியின் பின்பக்கத்தில் 30 கட்டங்கள் வரைந்தேன்.

மூன்று விதிகள் எழுதினேன். ஒன்று, மதியம் மூணு மணிக்கு 20 நிமிஷம். பக்கம் எத்தனை ஓடினாலும் சரி. போன் அந்த நேரம் சமையலறை அலமாரியில் இருக்கும். இரண்டு, 30 நாளில் படிப்புக்கு 24 நாள்தான். மீதி ஆறும் முதலிலேயே காலி. விருந்தாளியும் கேஸ் அடுப்பும் வரும் என்று தெரிந்தே போடும் திட்டம். மூன்று, விட்டுப்போன நாள் போனதுதான். மறுநாளுக்குப் பாக்கி எழுதக்கூடாது.

முதல் வாரம்: முடிவு தெரிந்த கதை

புது நாவலில் நுழைய நிறைய உழைப்பு வேண்டும். பெயர்களை மனசில் நிறுத்த வேண்டும். ஊர் பிடிபட வேண்டும். களைத்த மனசு அங்கேதான் நழுவுகிறது. அதனால் முதல் ஆறு நாளும் பழைய புத்தகம் ஒன்றையே எடுத்தேன். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. அந்த அசட்டுச் சாம்புவுக்கு அதிர்ஷ்டம் எப்படிக் கைகொடுக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால் பயமில்லை. மூணாம் நாள் தனியாகச் சிரித்தேன். கூடத்திலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

படித்ததையே படிப்பது நேர விரயம் என்று சிலர் சொல்வார்கள். டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1992-ல் வந்த தன் புத்தகத்தில் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று பட்டியல் போட்டார். படிக்காமலிருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பாதியில் விடும் உரிமை எல்லாம் அதில் உண்டு. படித்ததை மறுபடி படிக்கும் உரிமையும் உண்டு. அந்த தைரியத்தில், பஸ் டிக்கெட் வைத்திருந்த நாவலை மூடி அலமாரியில் வைத்தேன். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

இரண்டாம் வாரம்: ஒரு நாள், ஒரு கதை

சிறுகதைக்கு ஒரு சௌகரியம் உண்டு. அன்றைக்கே முடிந்துவிடும். ‘முடித்தேன்’ என்ற சின்ன சந்தோஷம் தினமும் கிடைக்கும். ஓடாத மனசுக்கு அதுதான் டானிக்.

ஆனால் ஒரே எழுத்தாளரின் தொகுப்பாக எடுத்தால் நாலாவது கதையில் சலிக்கும். ஆறு பேரை எடுத்தேன். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, கு.அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, தி.ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’, கி.ராஜநாராயணனின் ‘கதவு’, அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’, சுந்தர ராமசாமியின் ‘விகாசம்’.

இதற்காகப் புதிதாக ஒரு புத்தகமும் வாங்கவில்லை. எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் எடுத்தேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது அதில் உண்டு. என் அனுபவத்தில் நூலகத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சொந்தப் புத்தகம் பத்து வருஷம் காத்திருக்கும். நூலகப் புத்தகத்துக்குத் திருப்பித் தரும் தேதி உண்டு.

‘விகாசம்’ சனிக்கிழமைக் கதை. ஜவுளிக்கடையில் பில்லுக்குக் கணக்குப் போடும் ராவுத்தருக்குக் கண் தெரியாது. துணியின் அளவையும் விலையையும் சொல்லச் சொல்ல, மனசிலேயே கூட்டிச் சொல்லிவிடுவார். கடைக்கு ஒரு நாள் கால்குலேட்டர் வருகிறது. அப்புறம் அவர் என்ன ஆனார் என்பதைக் கதையில் படித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஞாயிறு. அம்மாவின் கேள்வி வந்தது. ஏழெட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பொய்யில்லாமல் ராவுத்தர் கதையைச் சொன்னேன். முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

‘‘எனக்கும் எழுத்து தெரியலைடி’’ என்றார் அம்மா. ‘‘ஆறு மாசமா. எல்லாம் பனி மூட்டமா இருக்கு. தலைப்பு மட்டும் தெரியும். தம்பிகிட்ட சொன்னா ஆபரேஷன்னு கூட்டிட்டுப் போயிடுவான். பயமா இருந்துச்சு. நீ சொல்றதைக் கேட்டா படிச்ச மாதிரி இருக்கும்னு உன்னையே கேட்டுக்கிட்டு இருந்தேன்.’’

அவர் துருவித் துருவிக் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. படிக்க முடியாத அம்மா, படிக்காத என்னிடம் கதை கேட்டிருக்கிறார். நானும் பழைய சோற்றைச் சுடவைத்துப் பரிமாறியிருக்கிறேன். என் பொய்யை அன்றே ஒப்புக்கொண்டேன். ‘‘தெரியும். போன மாசம் சொன்னது நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சது’’ என்றார்.

மூன்றாம் வாரம்: மெல்லிய நாவல், உரத்த குரல்

இந்த வாரத்துக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ என்று எழுதி வைத்திருந்தேன். சின்ன நாவல். ஒரு பஞ்சகாலத்தில் ஒரு தெருவே தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் கதை. சென்னையில் குடித்தனம் நடத்திய யாருக்கும் அந்த பம்பு அடிக்கும் சத்தம் காதில் விழும்.

திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம். மூணு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வாய்விட்டுப் படித்தேன். அலமாரிக்குள் போன போன் இப்படித்தான் திரும்பி வந்தது. இந்தத் தடவை புத்தகத்துக்கு உதவியாக.

சத்தமாகப் படித்தால் வேகம் குறையும். ஆனால் தாவ முடியாது. கண் வரியில் ஓடிக்கொண்டிருக்க மனசு மளிகை லிஸ்ட் போடுவதும் நடக்காது. போட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ‘‘எங்கயோ யோசிக்கிற, அந்த வரியை மறுபடி படி’’ என்று கும்பகோணத்திலிருந்து அதட்டல் வரும். தனியாகப் படித்து ஓடாதவர்கள் வீட்டில் யாராவது ஒருவருக்குப் படித்துக் காட்டிப் பாருங்கள். பேரனோ, படுக்கையில் இருக்கும் பெரியவரோ, யாராக இருந்தாலும் சரி.

இந்த வாரம்தான் மூன்று நாள் விட்டுப்போனது. நாத்தனார் வீட்டு வளைகாப்பு ஒரு நாள், எனக்கு ஜலதோஷம் இரண்டு நாள். மூன்றாவது விதிப்படி பாக்கி எழுதவில்லை. காலி நாட்களில் ஒன்றை எடுத்து நாவலை முடித்தோம்.

நாலாம் வாரம்: முடியாத புத்தகம்

மாதம் முடியும்போது புத்தகமும் முடிந்தால் அடுத்த நாள் வெறிச்சென்று ஆகிவிடும். மறுபடி பள்ளத்தில் விழ அது போதும். அதனால் கடைசி வாரத்துக்கு வேண்டுமென்றே ஒரு பெரிய புத்தகம். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. இதுவும் தொடராக வந்ததுதான். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வந்து, அவர் மறைவோடு முற்றுப்பெறாமல் நின்றது. மொத்தம் 122 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று என்றால் நாலு மாதம் வரும்.

உத்தமதானபுரத்தில் தொடங்கும்போதே அம்மாவுக்கு உற்சாகம். பாபநாசம் பக்கத்து ஊர். சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை வேலை பார்த்ததும் கும்பகோணம் கல்லூரியில்தான். ‘‘அந்தத் தெருவெல்லாம் எனக்குத் தெரியும்’’ என்று பாதி நேரம் அவரே பேசினார். ஆறு நாளில் ஆறு அத்தியாயம்கூட ஆகவில்லை, நாலுதான் ஆனது. இப்போது எனக்கு அதில் வருத்தமில்லை.

அந்த நாலாவது அத்தியாயத்துக்கு மறுநாள் தம்பி அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நான்தான் சொல்லிவிட்டேன். திட்டு வாங்கினேன். புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். போன வாரம் ஒரு கண்ணுக்கு முடிந்தது. அடுத்த கண்ணுக்கும் செய்து, புதுக் கண்ணாடி போட்டுப் படிக்க இன்னும் சில வாரம் ஆகுமாம்.

என் மாதக் கணக்கு இதுதான்: சாம்பு, ஆறு சிறுகதைகள், ஒரு நாவல், சாமிநாதையரின் நாலு அத்தியாயம். மகள் பார்த்துவிட்டு, ‘‘அவ்வளவுதானா?’’ என்றாள். எட்டு மாதத்தில் 46 பக்கம் படித்தவளுக்கு இது விருந்து.

நேற்று மூணு மணிக்கு நான் மறந்து தூங்கிவிட்டேன். மூணு அஞ்சுக்கு அம்மாவே கூப்பிட்டார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, குரலில் பழைய அதிகாரம்.

‘‘கண்ணாடி வர்ற வரைக்கும் நீதான் படிக்கணும். சாமிநாதையர் பாட்டுக்குப் போகட்டும். சனிக்கிழமை மட்டும் பொன்னியின் செல்வன் வச்சுக்கலாம்.’’

‘‘அஞ்சு பாகம்மா! வாரத்துக்கு ஒண்ணுன்னா எப்ப முடியும்?’’

‘‘முடியும்போது முடியட்டும். இப்ப எந்தப் பக்கத்துல விட்டோம், அதைச் சொல்லு.’’