சேமிக்காத எண்

எங்கள் தோட்டத்தில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். தேயிலை மில்லில் வேலை செய்தவர் பெயருக்கு முன்னால் ‘மில்’ வந்தது. லோரி ஓட்டியவருக்கு ‘லோரி’, கோயில் வேலை பார்த்தவருக்கு ‘கோயில்’. நான்காமவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கட்சிக் கிளைச் செயலாளராக இருந்தவர். கட்சியின் மூன்றெழுத்தைச் சேர்த்துத்தான் அவரைச் சொல்வார்கள். எங்களுக்குக் கட்சி மாமா.

அந்த மூன்றெழுத்துக்காக அவரை நான் எங்கள் புலனக் குழுவிலிருந்து நீக்கினேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் இன்று பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டோம். பழைய தோட்டத்தை இன்னும் ஒட்டி வைத்திருப்பது அந்தப் புலனக் குழு ஒன்றுதான். திருமணம், திருவிழா, இறப்புச் செய்தி, பழைய படங்கள் எல்லாம் அதில்தான் வரும். அரசியல் பேசக் கூடாது என்பது முதல் விதி. நிருவாகி நான்.

2018 பொதுத் தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் பெரும்பான்மை 597 வாக்குகள். வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகத் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை நவம்பர் 30ஆம் தேதி ரத்து செய்தது. 2019 ஜனவரி 26இல் இடைத்தேர்தல். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை கொடிதான். எங்கள் குழுவில் மட்டும் யாரும் ஒரு வார்த்தை அரசியல் பேசவில்லை. விதியை அப்படி மதித்தார்கள்!

பேசுவதற்குப் பதில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் தம் பெயரோடு வேட்பாளரின் பெயரைச் சேர்த்தார். இன்னொரு தம்பி ‘என் ஓட்டு விற்பனைக்கு அல்ல’ என்பதையே பெயராக வைத்துக்கொண்டான். காலையில் ரோஜாப் பூவும் காலை வணக்கமும் வரும். மேலே பார்த்தால் முழக்கம். பூவைக் குறை சொல்ல முடியுமா?

எனக்குப் பயம் வந்ததையும் ஒளிக்கக் கூடாது. நம் நாட்டின் சான்றுச் சட்டத்தில் 2012இல் 114ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இணையத்தில் வெளியாகும் ஒன்றில் உரிமையாளர், நிருவாகி, ஆசிரியர் என்று யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ இருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டார் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. ‘நிருவாகி’ என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அது எதுவரை செல்லும் என்பதைப் பின்னால், 2021 பிப்ரவரி 19இல் பார்த்தோம். வாசகர்கள் ஐந்து பேர் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் புரிந்ததாகக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அபராதப் பணத்தைப் பொதுமக்கள் சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு யார் திரட்டுவார்கள்?

‘பெயரில் கட்சி வேண்டாம், 24 மணி நேரத்தில் மாற்றுங்கள்’ என்று குழுவில் போட்டேன். வாக்களிப்பு நாளில் கட்சிப் பெயரோ சின்னமோ உள்ள உடையை அணியக் கூடாது என்று தேர்தல் குற்றச் சட்டமே சொல்கிறதே, பெயருக்கு மட்டும் என்ன சலுகை என்று ஒரு வியாக்கியானமும் சேர்த்தேன். சட்டையைக் கழற்றலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

பெயரில் அரசியலே கூடாது என்று தமிழன் சொன்னால் அது வேடிக்கைதான். சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனது அரசியல் இல்லையா? பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் முடிவெடுத்தார்களே, அது? 1953இல் பிறந்த மகனுக்குக் கலைஞர் வைத்த பெயர் ஸ்டாலின். எங்கள் லயத்திலேயே நேதாஜியும் உண்டு, அண்ணாதுரையும் உண்டு. அவர்களிடம் போய் ‘24 மணி நேரத்தில்’ என்று சொல்ல முடியுமா?

இளையவர்கள் மாற்றிவிட்டார்கள். கட்சி மாமா மாற்றவில்லை, பதிலும் இல்லை. ‘அவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?’ என்று இரண்டு பேர் தனியாக எழுதினார்கள். நீக்கினேன். விரல் வைத்து அழுத்த ஒரு நொடி.

மூன்று வாரம் கழித்து மில்காரர் ஈப்போவில் தவறிவிட்டார். செய்தி குழுவில் வந்தது, எல்லாரும் கைகூப்பிய படம் போட்டோம், மறுநாள் பலர் போனோம். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. திரையில் எண் மட்டும்.

“தம்பி, மில்லுக்காரன் போயிட்டானாமே. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தவங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?”

“மாமா, பெயரை மாத்தச் சொல்லியிருந்தேனே...”

“என் பேரு அதானே தம்பி?”

பேசி முடித்த பிறகும் திரையில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். புலனத்தில் ஒருவரின் எண்ணை நாம் சேமித்து வைத்திருந்தால், நாம் அவருக்கு வைத்த பெயர்தான் தெரியும். சேமிக்காதவர்களுக்குத்தான் அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் தெரியும். மாமாவோடு வேலை செய்தவர்களின் தொலைபேசியில் அவர் ‘அண்ணன்’, ‘மச்சான்’, ‘சம்பந்தி’. அவர்கள் அந்த மூன்றெழுத்தைக் குழுவில் பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்த்துப் புகார் செய்த இருவரும் அவர் எண்ணைச் சேமிக்காதவர்கள். நானும்தான். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவன் நான்.

அன்றே மீண்டும் சேர்த்தேன். காரணத்தைக் குழுவிலும் எழுதினேன். உடனே அந்தத் தம்பி கேட்டான்: “அப்படியென்றால் நானும் பழைய பெயரை வைத்துக்கொள்ளலாமா?” தோட்டம் வைத்த பெயருக்குத் தடையில்லை, தேர்தலுக்கு வைத்த பெயருக்கு உண்டு என்று பதில் போட்டேன். “தோட்டமே இல்லாத நாங்கள் என்ன செய்வது?” என்றான். அவன் ஈப்போவில் பிறந்தவன். சரியான கேள்விதான், இன்னும் பதில் சொல்லவில்லை.

அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்திற்குள் வந்தாக வேண்டும். போன வாரமே ஒரு பெயரின் பக்கத்தில் சின்னதாகக் கொடி முளைத்துவிட்டது. இந்த முறை குழுவில் எதுவும் போடவில்லை. முதலில் அந்த எண்ணைச் சேமித்தேன். பிறகு அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்தது. வேலையில் இருப்பார் போலிருக்கிறது.