நின்றுபோன சவாரி சொல்லும் பாடம்

பொங்கோலில் வளரும் பிள்ளைகளுக்கு ஓட்டுநர் இல்லாத ரயில் புதுமை அன்று. எல்ஆர்டி பெட்டியின் முன்கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டு, வளைவு வரும்போது ‘ரோலர் கோஸ்டர்’ என்று கூச்சலிடுவது அவர்களுக்கு அன்றாட விளையாட்டு. ஆனால் அதே ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே திடீரென நின்றுவிட்டால் பெட்டிக்குள் முகங்கள் மாறுகின்றன. “மறுபடியும் கோளாறா?” என்று யாராவது கேட்கிறார்கள். கைப்பேசிகள் வெளியே வருகின்றன.

உண்மையான ரோலர் கோஸ்டரிலும் இதே கதைதான். பள்ளி விடுமுறை வந்தால் செந்தோசாவா, ஜோகூரா, கெந்திங்கா, சென்னையா என்று இளையர்கள் கேளிக்கைப் பூங்காக்களை ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். எது உயரம், எது வேகம், எதில் எத்தனை முறை தலைகீழாகப் போகலாம் என்பதே பேச்சு. சவாரி பாதியில் நின்றது என்று செய்தி வந்தால், அந்தப் பூங்காவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறோம்.

இந்த ஒப்பீட்டில் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. ஒரு சவாரி எவ்வாறு நிற்கிறது, நின்ற பிறகு அதை இயக்குவோர் என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமை பெறும்.

இந்தியாவில் 2025ஆம் ஆண்டு நடந்தவை இதை நமக்கு நினைவூட்டின. ஏப்ரல் மாதம் தில்லியின் காபஷேரா பகுதியில் உள்ள ஒரு பூங்காவில், ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். மே 27ஆம் தேதி சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள விஜிபி பூங்காவில் ‘டாப் கன்’ எனும் ராட்சதச் சவாரி உயரத்தில் நின்றுவிட, பெண்கள், குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 30 பேர் அந்தரத்தில் சிக்கினர். அதே ஆண்டு டிசம்பரில் சென்னைக்கு அருகே வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பொல்லிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் இந்தியாவில் அமைத்த முதல் ரோலர் கோஸ்டரான ‘தஞ்சோரா’ அங்குதான் ஓடுகிறது. விடுமுறைக்குச் சென்னை செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்களின் பட்டியலில் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

எண்கள் சொல்பவை, சொல்லாதவை

யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரின் ‘பேட்டில்ஸ்டார் கலெக்டிகா’ இரட்டை ரோலர் கோஸ்டரின் உயரம் 42.5 மீட்டர். அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 104 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் என்பதை இயற்பியல் பாடத்தில் படித்த சமன்பாட்டை வைத்தே கணக்கிடலாம். உராய்வும் காற்றின் தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. தண்டவாளமும் தரைவரை செங்குத்தாக இறங்குவதில்லை. வேறுபாடு அங்கிருந்து வருகிறது.

இத்தகைய எண்கள் ஆர்வத்தைத் தூண்டும். ஆனால் சவாரி எவ்வளவு நம்பகமானது என்பதை அவை சொல்லமாட்டா. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2005ல் திறக்கப்பட்ட ‘கிங்டா கா’ 139 மீட்டர் உயரம் கொண்டது. மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. உலகிலேயே ஆக உயரமான ரோலர் கோஸ்டர் என்ற பெயர் அதற்குப் பல ஆண்டுகள் இருந்தது. அடிக்கடி பழுதாகி மூடப்படும் என்ற பெயரும் கூடவே இருந்தது. 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

ஒரு பகுதியில் ஒரே வண்டி

வழக்கமான ரோலர் கோஸ்டர் வண்டியில் இயந்திரம் கிடையாது. சங்கிலி அதை மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்கிறது. அதன் பிறகு புவியீர்ப்பு விசைதான் அதை ஓட்டுகிறது. வண்டியில் இருப்பவர் பிரேக் போட முடியாது. தண்டவாளத்தில் பிரேக் பொருத்தப்பட்ட சில இடங்களில் மட்டுமே அதை நிறுத்த முடியும்.

ஒரே தடத்தில் இரண்டு, மூன்று வண்டிகள் ஓடும்போது அவை மோதாமல் இருப்பது எப்படி? தடம் முழுவதும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம். முன்னால் சென்ற வண்டி தன் பகுதியைக் கடந்துவிட்டதை உணர்கருவிகள் உறுதிசெய்தால்தான் பின்னால் வரும் வண்டிக்கு வழி கிடைக்கும். உறுதி கிடைக்காவிட்டால் கணினி அதை மேட்டிலேயே, அல்லது அடுத்த பிரேக்கிலேயே நிறுத்திவிடும். ரயில் போக்குவரத்தின் அடிப்படை விதியும் இதுதான்: முன்னால் இருப்பது விலகும்வரை பின்னால் வருவது நெருங்கக்கூடாது.

ஆகவே, ரோலர் கோஸ்டர் மேட்டின் நடுவே நிற்பதைக் கண்டால் உடனே பதற்றப்பட வேண்டியதில்லை. பல நேரங்களில் அது பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்ததன் அடையாளம். ஏறுவோருக்குத் தெரிவது தாமதம் மட்டுமே. தடுக்கப்பட்ட மோதல் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

கணினியை நம்பாதபோது

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2ஆம் தேதி நடந்தது இதற்கு நேர்மாறான சம்பவம். ‘ஸ்மைலர்’ எனும் ரோலர் கோஸ்டரில் சோதனைக்காக ஆளில்லாமல் அனுப்பப்பட்ட ஒரு வண்டி, சுழல்பாதையின் அடியில் நின்றுவிட்டது. கணினி அதைக் கண்டறிந்து, 16 பேருடன் பின்னால் வந்த வண்டியை நிறுத்தியது. அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

ஆனால் கணினி காரணமில்லாமல் நிறுத்திவிட்டது என்று நினைத்த தொழில்நுட்பர்கள், அந்தத் தடையை மீறி வண்டியை அனுப்பினார்கள். அது நின்றிருந்த வண்டியின்மீது மோதியது. பலர் காயமுற்றனர், இளம்பெண்கள் இருவர் தலா ஒரு காலை இழந்தனர். பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 2016ல் 5 மில்லியன் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. தனி ஊழியர்களின் தவறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது, கோளாறு வந்தால் யார் எதைச் சரிபார்த்த பிறகு மீண்டும் இயக்கலாம் என்ற உறுதியான ஏற்பாடு நிறுவனத்திடம் இல்லை என்பதே விசாரித்த அதிகாரிகளின் முடிவு.

காரணமில்லாத எச்சரிக்கைகள் அடிக்கடி வந்தால் மனிதர்கள் எச்சரிக்கையையே மதிக்காமல் விடுவார்கள். தீச்சங்கு தினமும் தவறாக ஒலிக்கும் கட்டடத்தில், உண்மையான தீ வரும் நாளில் யாரும் இருக்கையை விட்டு எழமாட்டார்கள். எனவே நின்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நிறுத்தம் அரிதாக இருக்க நல்ல பராமரிப்பு வேண்டும். நின்றால் அதற்கு மதிப்புக் கொடுக்கும் ஒழுங்கும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆபத்து.

வரிசையில் நிற்பவரின் பங்கு

ஊழியர்கள் அவசரப்படுவது ஏன்? ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 இருக்கைகள் கொண்ட வண்டி 90 விநாடிக்கு ஒருமுறை புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் 40 முறை ஓடும். 800 பேர் ஏறலாம். புறப்பாட்டு இடைவெளி இரண்டு நிமிடமானால் 600 பேர்தான் ஏற முடியும். வரிசையில் 800 பேர் இருந்தால், கடைசியில் நிற்பவர் காத்திருக்கும் நேரம் ஒரு மணியிலிருந்து ஒரு மணி 20 நிமிடமாகிறது.

அந்த 30 விநாடி வேறுபாட்டில்தான் ஊழியர் ஒவ்வோர் இருக்கையின் பாதுகாப்புக் கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறார். பைகள் உள்ளே வராமல் கவனிக்கிறார். குறைந்தபட்ச உயரத்தை எட்டாத பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார். கம்பி எந்த உடலளவுக்கு வடிவமைக்கப்பட்டதோ அந்த அளவுக்குக் குறைவான உடலை அது சரியாகப் பிடித்துக்கொள்ளாது. உயர விதி அதனால்தான் உள்ளது. “ஒரு சென்டிமீட்டர்தானே குறைகிறது” என்று வாதாடும் பெற்றோரும், “சீக்கிரம்” என்று குரல் கொடுக்கும் வரிசையும் அந்த ஊழியர்மீது சுமத்தும் நெருக்கடி சிறியதன்று. பெரும்பாலும் அவரும் இளையர்தான். சிலர் விடுமுறைக்கால வேலைக்கு வந்த மாணவர்கள்.

செந்தோசாவின் இரண்டு மூடல்கள்

‘பேட்டில்ஸ்டார் கலெக்டிகா’ 2010 மார்ச்சில் பூங்காவோடு சேர்ந்து திறக்கப்பட்டது. ஒரு வாரத்திலேயே இருக்கை தொடர்பான கோளாற்றால் மூடப்பட்டது. உடனே திறந்துவிட நெருக்கடி இல்லாமல் இருந்திருக்காது. புதிய பூங்காவின் முகமே அந்தச் சவாரிதான். இருந்தும் அது 2011 பிப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. 2013ல் இரண்டாவது முறை மூடப்பட்டு, 2015 மே மாதம் திரும்பியபோது, வரிசைக்கு நான்கு இருக்கைகள் இருந்த வண்டிகள் இரண்டு இருக்கை வண்டிகளாக மாறியிருந்தன. ஒரு முறையில் ஏறுவோர் எண்ணிக்கை குறைந்தது, சவாரி நிலைத்தது.

அந்த மூடல்களை அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. இன்று திரும்பிப் பார்த்தால், பூங்காவின் வரலாற்றில் மதிக்கத்தக்க முடிவுகளில் அவையும் அடங்கும்.

சிங்கப்பூரில் 2011ல் கேளிக்கைச் சவாரிகளின் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டட, கட்டுமான ஆணையம் அதைச் செயல்படுத்துகிறது. சவாரியை நிறுவவும் இயக்கவும் தனித்தனி அனுமதி வேண்டும். தகுதிபெற்ற பொறியாளர்கள் அதைச் சோதிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூடுவதும் திறப்பதும் உரிமையாளரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இல்லாமல் இருப்பதற்கு இத்தகைய சட்டம் தேவை.

உயரத்தில் சிக்கினால்

சிங்கப்பூர் ராட்டினம் 2008 டிசம்பர் 23ஆம் தேதி மின்கோளாற்றால் நின்றது. 173 பேர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உள்ளே இருந்தனர். அடுத்த மாதம் அது திறக்கப்பட்டபோது, மின்சாரம் போனாலும் சக்கரத்தைச் சுழற்றிப் பயணிகளை இறக்குவதற்கான மாற்று ஏற்பாடுகள் சேர்க்கப்பட்டிருந்தன. நின்றது பெரிய குறைதான். ஆனால் அதிலிருந்து பாடம் கற்கப்பட்டது.

சென்னைச் சம்பவத்தில் பூங்காவின் சொந்த முயற்சி பலிக்காமல், தீயணைப்பு, மீட்புப் படையினர் ஏணி வாகனத்துடன் வந்து அனைவரையும் பத்திரமாக இறக்கினர். அதற்குள் சுமார் மூன்று மணி நேரம் கடந்துவிட்டது. சோதனைக்காகப் பூங்கா தற்காலிகமாக மூடப்பட்டது. சவாரி நின்றதைவிட, நின்ற பிறகு கடந்த அந்த மூன்று மணி நேரமே அங்கு கவனிக்க வேண்டியது. எந்த உயரத்தில் நின்றாலும் பயணிகளை இறக்க வழி என்ன, வெளியுதவியை எத்தனையாவது நிமிடத்தில் அழைப்பது என்பவை சவாரி ஓடத் தொடங்கும் முன்பே எழுதி, ஒத்திகை பார்க்கப்பட வேண்டியவை.

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த முறை பூங்காக்களை ஒப்பிடும்போது உயரம், வேகத்துடன் இன்னும் சிலவற்றையும் கவனியுங்கள். ஊழியர் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்க்கிறாரா? உயர விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா? சவாரி நின்றால் உடனே அறிவிப்பு வருகிறதா? மீண்டும் திறக்கும்முன் ஆளில்லாத வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்களா? இவற்றைக் காண பொறியியல் பட்டம் தேவையில்லை. வரிசையில் நிற்கும் நேரமே போதும்.

பூங்காக்களும் ஒன்று செய்யலாம். சவாரி மூடப்பட்டால் ‘தற்காலிகமாக இயங்காது’ என்று மட்டும் எழுதாமல், காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம். உணர்கருவி தவறான தகவல் தந்தது, மின்னல் எச்சரிக்கை உள்ளது என்று தெரிந்தால் காத்திருப்பவரின் கோபம் தணியும். அந்தக் கோபம் தணிந்தால், இயக்குபவர் நிதானமாக முடிவெடுக்க முடியும்.

பொங்கோலில் 2024ல் இயங்கத் தொடங்கிய சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும், பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும், தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பொறியியல் படிக்கும் நம் இளையர்கள் நாளை இத்தகைய கட்டுப்பாட்டு அறைகளில் அமரக்கூடும். அது பூங்காவாக இருக்கலாம், ரயில் பணிமனையாக இருக்கலாம். 2025 ஆகஸ்ட் 12ஆம் தேதி மின்கோளாற்றால் வடகிழக்குப் பாதையும் செங்காங்-பொங்கோல் எல்ஆர்டியும் தடைப்பட்டபோது அலைக்கழிந்த இவ்வட்டாரவாசிகளுக்குக் கோளாறின் விலை நன்கு தெரியும். அதைக் குறைக்கும் பொறுப்பு அதிகாரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் உண்டு. அந்த அறையில் ஒருநாள் ஒரு சிவப்பு விளக்கு எரியும். வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள். ‘வழக்கமான தவறான எச்சரிக்கைதான்’ என்று மனம் சொல்லும். அப்போது எழுந்து போய்த் தடத்தை நேரில் பார்த்துவிட்டு வருபவரே நல்ல இயக்குநர்.

எல்ஆர்டி அடுத்த முறை நடுவழியில் நிற்கும்போது, முன்கண்ணாடி அருகே நிற்கும் தம்பியோ தங்கையோ “ஏன் நிக்குது?” என்று கேட்டால், “கோளாறு” என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடாதீர்கள். முன்னால் இருக்கும் ரயிலைப் பற்றியும் சொல்லுங்கள்.