'அப்ராக்ஸ்' என்றால் எவ்வளவு?

நம் கடைவீதியில் அன்றாடம் காதில் விழும் ஆங்கிலச் சொல் 'அப்ராக்ஸ்'. 'அப்ராக்சிமேட்லி' என்பதன் சுருக்கம். "அப்ராக்ஸ் 50 மூட்டை போடுங்கண்ணே" என்று போனில் சொல்லி முடித்து விடுகிறோம். சொன்னவர் மனதில் 45, கேட்டவர் மனதில் 60. லாரி வந்து கடைமுன் நின்ற பிறகுதான் தகராறு தொடங்குகிறது.

இச்சொல்லின் வேர் லத்தீன். 'மிக அருகில் வருதல்' என்பதே பொருள். வாய்க்கு வந்ததைச் சொல்வதற்கு அது பெயரல்ல. நாம் சொல்லும் 'சுமார்' பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'எண்ணிக்கை' என்று பொருள். நம் தமிழின் 'ஏறக்குறைய'வோ நியாயமான சொல். ஏறவும் வேண்டும், குறையவும் வேண்டும். எப்போதும் குறைந்தே இருந்தால் அதற்குப் பெயர் எடைக்குறைவு.

பெரிய வணிகத்தில் இச்சொல்லுக்கு அளவு உண்டு. வெளிநாட்டுச் சரக்குக்கு வங்கிகள் தரும் எல்.சி.க்கான பன்னாட்டு விதிகள் 2007 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின் 30-வது விதிப்படி, எல்.சி.யில் ஓர் அளவை ஒட்டி 'அபவுட்', 'அப்ராக்சிமேட்லி' என்று எழுதினால், 10 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது 50 மூட்டை என்றால் 45 முதல் 55 வரை.

உள்நாட்டிலும் அப்படியே. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் 1 கிலோ பொட்டலத்துக்கு 15 கிராம் வரை பிழை பொறுக்கப்படுகிறது. ஆனால் சோதனைக்கு எடுக்கும் பொட்டலங்களின் சராசரி 1 கிலோவுக்குக் குறையக் கூடாது. 'ஏறக்குறைய' என்பதன் நியாயமும் இதுவே.

புளியும் வெல்லமும் ஈரம் உலர்ந்தால் எடை குறையும் என்பது யாவரும் அறிந்ததே. அதைச் சொல்லித் தப்பிக்க வேண்டியதில்லை. நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளியைப் பாருங்கள். களிமண் சூளையில் சுருங்கும் என்று தெரிந்து, அச்சையே அதற்குத் தக்கபடி பெரிதாகச் செய்கிறார். நாமும் பொட்டலம் போடும்போதே உலர்வுக்கு இடம் விட்டுப் போடலாமே.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது, "50 மூட்டை, 2 கூடலாம் குறையலாம்" என்று சொல்லிப் பழகுவோம். பணம் தருவதற்கும் "அப்ராக்ஸ் அடுத்த வாரம்" வேண்டாம், கிழமையைச் சொல்வோம். பெரிய அங்காடிகளோடு போட்டியிடும் நமக்கு வாக்குச் சுத்தமே மூலதனம். அதில் மட்டும் 'அப்ராக்ஸ்' கூடாது என்பதே நம் கருத்து.