சி.பி. வானொலி வாங்குமுன்

கைப்பேசி எங்கும் பரவிவிட்ட இந்நாளிலும் சி.பி. வானொலி என்றொரு கருவி விற்பனையாகி வருகிறது என்றால் வாசகர் சிலர் வியப்படையக்கூடும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மாநிலங்களில், மலைக் கணவாய்களிலும் பாலை நிலங்களிலும், பல மைல் தூரம் கைப்பேசிச் சமிக்ஞையே கிட்டாத சாலைகள் இன்றும் உள்ளன. அங்கே பண்ணை வைத்து வாழும் குடும்பத்தார் ஒருவருடைய வண்டி பனிக்காலத்து மாலைப்பொழுதில் பழுதாகி நின்றுவிட்டால், அவர் குரல் வீட்டாரின் செவிக்கு எட்டுமா எட்டாதா என்பது சிறிய கேள்வி அன்று. நம் வாசகக் குடும்பங்களிலிருந்து அந்நாட்டில் சென்று குடியேறியோரும் உளர். ஆதலால் இத்திங்கள் இக்கருவியைப் பற்றி, சிறப்பாக ஒற்றைப் பக்கப்பட்டை எனும் வசதி உடைய வகையைப் பற்றி எழுத முற்படுகிறோம்.

சி.பி. என்பது குடிமக்கள் அலைவரிசை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். பேசவும் கேட்கவும் உதவும் இருவழி வானொலி இது. மைக்கிலுள்ள விசையை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், இரண்டையும் ஒருசேரச் செய்ய இயலாது. இதற்கென 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அமெரிக்க அரசு 1958-இல் இடம் ஒதுக்கிற்று. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, அடுத்த ஆண்டில் மணிக்கு 55 மைல் எனும் வேக வரம்பும் வந்தபோது, எரிபொருள் எங்கே கிடைக்கும், காவலர் எங்கே நிற்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள லாரி ஓட்டுநர்கள் இதைக் கையிலெடுத்தனர். பிறகு நாடே இதன்மேல் மோகங்கொண்டது. குடியரசுத் தலைவர் ஃபோர்டின் துணைவியார் பெட்டி ஃபோர்டு அம்மையாரும் 1976-இல் 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற புனைபெயருடன் இதில் பேசினார். நம் காதுக்கு அது யாரோ ஒரு தாய்மாமனைக் குறிப்பதுபோல் ஒலிக்கும். அவர்கள் மொழியில் அது அம்மா. நெரிசல் மிகவே, 23 ஆக இருந்த சானல்கள் 1977 சனவரி முதல் நாளன்று 40 ஆக உயர்த்தப்பட்டன. 1983-இல் தனி உரிமம் பெறவேண்டும் என்ற விதியும் நீங்கிற்று.

இனி ஒற்றைப் பக்கப்பட்டை என்றால் என்ன என்று பார்ப்போம். விற்பனையாளர் இதை மந்திரம்போல் உச்சரித்து விலையை உயர்த்துவதால், சற்று விரிவாகவே விளக்குகிறோம்.

சாதாரணச் சி.பி. வானொலி, நம் பழைய மத்திய அலை நிலையங்களைப் போலவே, வீச்சுப் பண்பேற்ற முறையில் ஒலிபரப்புகிறது. கனத்த மரப்பெட்டி ஒன்றினுள் ஒரே கடிதத்தின் இரு பிரதிகளை வைத்து அனுப்புவது போன்றது இம்முறை. பெட்டி என்பது சுமப்பலை. அதில் பேச்சு ஏதும் இல்லை. பிரதிகள் அதன் இருபுறமும் அமையும் பக்கப்பட்டைகள். பேச்சு முழுவதும் ஒவ்வொன்றிலும் உண்டு. சட்டம் அனுமதிக்கும் 4 வாட் சுமப்பலையுடன் முழு அளவில் பண்பேற்றம் செய்தால் மொத்தம் 6 வாட் வெளியாகிறது. அதில் 4 வாட்டைப் பெட்டியே விழுங்கிவிட, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரே ஒரு வாட் மிஞ்சுகிறது. ஒற்றைப் பக்கப்பட்டை முறையோ பெட்டியையும் ஒரு பிரதியையும் நீக்கிவிட்டு, எஞ்சிய ஒரு பிரதிக்கே ஆற்றல் அனைத்தையும் தருகிறது. இம்முறையில் உச்ச அளவாக 12 வாட் வரை சட்டம் இடங்கொடுக்கிறது. அது மட்டுமன்று. அலை பிடிக்கும் இடம் பாதியாகக் குறைவதால், கேட்பவரின் கருவி குறுகிய சாளரத்தைத் திறந்தால் போதும். உடன் நுழையும் இரைச்சலும் அந்த அளவுக்குக் குறையும். ஒவ்வொரு சானலிலும் மேற்பட்டை, கீழ்ப்பட்டை என இரண்டு வழிகள் கிடைக்கின்றன.

ஆயினும் பெட்டியை எறிந்ததற்கு விலை ஒன்று உண்டு. எறியப்பட்ட சுமப்பலையைக் கேட்பவரின் கருவி தானே உண்டாக்கி மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது இம்மியளவு பிசகினாலும் பேசுபவரின் குரல் வாத்து கத்துவதுபோலவோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலவோ மாறிவிடும். அதைச் சரிசெய்யவே 'கிளாரிஃபையர்' என்ற திருகு முகப்பில் உள்ளது. புதிதாக வாங்குவோர் பலர் இதைப் பழகுமுன்பே கருவி கெட்டது என்று கடைக்காரரிடம் திரும்பச் செல்வதுண்டு. குரல் இயல்பாகும்வரை மெல்லத் திருகினால் போதும். குளிரில் கிடந்த கருவியாயின் சற்று நேரம் சூடேற விடுவது நன்று. அதுவரை அலைவெண் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டிருக்கும்.

இதிலிருந்து வாங்குவோர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி தானே பிறக்கிறது: மறுமுனையில் இருப்பவரிடம் எந்த வகைக் கருவி உள்ளது? சாதாரணக் கருவி வைத்திருப்பவருக்கு ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு வெறும் உளறலாகவே கேட்கும். லாரி ஓட்டுநர்கள் கூடும் 19-ஆம் சானலில் வழங்குவது சாதாரண முறைதான். சாலைச் செய்தி கேட்பதற்கு மட்டும் வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பதே நம் கருத்து. மாறாக, வீட்டில் ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக, இரண்டையும் தாமே வாங்கும் குடும்பத்திற்கு இவ்வகை மிகவும் ஏற்றது. ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவியில் சாதாரண முறையும் உடனிருப்பதால் சாலைச் செய்தியும் தவறாது. தூரம் மும்மடங்காகிவிடும் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டா. ஆற்றல் மும்மடங்கானாலும் நிலத்தின் மேடு பள்ளமும் அடிவானமும் வந்து மறிக்கின்றன. முன்பு இரைச்சலில் மூழ்கிப்போன குரல் இப்போது புரியும்படி கேட்கும் என்பதே இதன் உண்மையான பயன்.

கருவிகளுள் கோப்ரா 148 ஜி.டி.எல்., யூனிடென் பேர்கேட் 980, பிரெசிடென்ட் மெக்கின்லி ஆகியவை பெயர்பெற்றவை. பெயரைவிடக் கவனிக்கவேண்டியவை வேறு: கிளாரிஃபையர் திருகு வழுக்காமல் நுண்மையாக நகர்கிறதா, வண்டி எஞ்சினின் பொறி இரைச்சலை அடக்கும் 'நாய்ஸ் பிளாங்கர்' உள்ளதா, எண்கள் இரவிலும் பகலிலும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பழைய கருவி வாங்குவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 40-க்கு மேற்பட்ட சானல்கள் வருமாறு உள்ளே கைவைக்கப்பட்டவை சந்தையில் மலிவு. அமெச்சூர் வானொலியாளருக்கான பத்து மீட்டர் கருவி என்ற பெயரில் விற்று, சி.பி. அலைவரிசையில் பேசுமாறு மாற்றித்தருவோரும் உண்டு. இவையிரண்டும் சட்டத்திற்குப் புறம்பானவை. ஆற்றலைப் பெருக்கும் தனிப்பெருக்கியும் அவ்வாறே தடை செய்யப்பட்டது.

விடுமுறையில் ஊர் திரும்பும்போது இத்தகைய கருவியைப் பரிசாகக் கொண்டுவர விரும்புவோர்க்கு ஒரு சொல். நம் நாட்டில் 2005-இல் வகுக்கப்பட்ட விதி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மேற்படாத கருவிகளுக்கு மட்டுமே உரிமத்திலிருந்து விலக்களித்தது. அமெரிக்கச் சானல்களோ 27.405 வரை செல்கின்றன. 28-ஆம் சானல் முதல் எல்லாமே அவ்விலக்கிற்கு வெளியே. ஒற்றைப் பக்கப்பட்டையினர் அங்கே வழக்கமாகக் கூடும் 36 முதல் 40 வரையுள்ள சானல்களும் இதில் அடங்கும். ஆகவே அந்த எண்ணத்தைக் கைவிடுதல் நலம்.

கருவிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட ஏரியலுக்குக் கொடாதவரே மிகுதி. நம்மைக் கேட்டால், பணம் அளவாயிருப்பின் கருவியில் குறைத்து ஏரியலில் கூட்டுங்கள் என்போம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது ஏறக்குறைய 9 அடி உயரக் கம்பி, வண்டிக்கு மிகச் சிறந்தது. அவ்வளவு உயரம் கூடாதெனில் அடியில் சுருள் வைத்த குட்டைக் கம்பிகள் உள்ளன. குட்டையாகும் அளவுக்குத் திறனும் குறையும். வண்டிக் கூரையின் நடுவே பொருத்துவது உத்தமம். கருவிக்கும் ஏரியலுக்கும் இடையே 50 ஓம் கேபிள்தான் வேண்டும். வீட்டில் கிடக்கும் தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம். அது இதற்கு ஆகாது.

பொருத்தியபின், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் எனப்படும் சிறு அளவியால் சோதியாமல் நெடுநேரம் பேசலாகாது. அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு ஏரியலில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். 1-ஆம் சானலிலும் 40-ஆம் சானலிலும் அளந்து பாருங்கள். 1-இல் கூடுதலாகக் காட்டினால் கம்பி குட்டை. 40-இல் கூடுதலாகக் காட்டினால் நெட்டை. அளவு 1.5-க்குள் அடங்கினால் மிக நன்று. 2 வரை பொறுத்துக்கொள்ளலாம். 3-ஐத் தாண்டினால் மைக்கைத் தொடாதீர்கள், கருவியின் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகக்கூடும். மின்னிணைப்பை சிகரெட் கொளுத்தியின் துளையிலிருந்து எடுக்காமல், நேரே பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் எடுத்தால் இரைச்சலும் குறையும்.

வீட்டுக் கூரையில் ஏரியல் எழுப்புவோர்க்கு இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஏரியலைத் தூக்கி நிறுத்தும்போது அது சாய்ந்து மின்கம்பியில் பட்டு மாண்டோர் அந்நாட்டில் பலர். தந்தை தூக்க, மகன் அடியைப் பிடித்திருக்க, இருவரும் ஒருங்கே பலியாகக்கூடிய விபத்து இது. இதன்பொருட்டே இத்தகைய ஏரியல்களுடன் எச்சரிக்கைச் சீட்டு இணைக்கவேண்டும் என்று 1978-இல் விதி வந்தது. எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் இடம் தேர வேண்டும். அத்தகைய இடம் இல்லையெனில் ஏரியலே வேண்டா. இடி மழைக் காலத்தில் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வைப்பதும் இன்றியமையாதது.

பேசும் முறையைச் சுருங்கச் சொல்வோம். ஒற்றைப் பக்கப்பட்டையினர் பொதுவாக 38-ஆம் சானலின் கீழ்ப்பட்டையில் ஒருவரையொருவர் அழைத்து, பதில் கிடைத்ததும் வேறு சானலுக்கு விலகிச்சென்று உரையாடுவர். அழைக்குமிடத்திலேயே கதை பேசிக்கொண்டிருப்பது பொதுக்கிணற்றடியை அடைத்துக்கொண்டு நிற்பதற்கு ஒப்பாகும். சாதாரண முறையினர் நிறைந்த சானலில் இம்முறையில் புகுவதும் தகாது. அவர்களுடைய சுமப்பலை நம் செவியில் சீழ்க்கையாய் ஒலிக்கும், நம் பேச்சு அவர்களுக்கு இடையூறாகும். 9-ஆம் சானல் ஆபத்துக்கும் வழிப்போக்கர் உதவிக்கும் ஒதுக்கப்பட்டது. முன்னாளில் தன்னார்வத் தொண்டர்கள் அதை விடாது கேட்டு வந்தனர். இன்று அங்கே ஒருவர் செவிசாய்த்திருப்பார் என்று உறுதியாக நம்பிவிடலாகாது.

இன்னொன்று, ஞாயிற்றின் செயல். ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை சூரியப் புள்ளிகள் மிகும் காலத்தில், இவ்வலைகள் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் தாவிச் செல்லும். கேட்க இனிமைதான், 155 மைலுக்கு அப்பால் பேசலாகாது என்ற பழைய தடையையும் 2017-இல் அந்நாடு நீக்கிவிட்டது. ஆனால் அந்நாள்களில் எங்கோ தொலைவிலுள்ளோர் குரல்கள் வெள்ளமாய் வந்து நிறைய, 10 மைல் தொலைவிலுள்ள நம் வீட்டாரின் குரல் அதில் அமிழ்ந்துவிடும். இது பெரும்பாலும் பகற்பொழுதின் தொல்லை. ஆதலால் குடும்பத்தினர் முன்கூட்டியே ஒரு சானலும், அது நெரிசலானால் மாற்றாக இன்னொன்றும், மேற்பட்டையா கீழ்ப்பட்டையா என்பதும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடமும் கேட்பது என்று முடிவு செய்துகொண்டால், வண்டியில் சிக்கியவர் பேட்டரியை வீணாக்காமல் அந்நேரத்தில் மட்டும் அழைப்பார். அந்த ஏற்பாட்டை ஒரு தாளில் எழுதி, வீட்டில் கருவியின் அருகே ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக ஒட்டிவைக்கலாம்.