உஸ்தாதிடம் ஒப்படைத்தால் முடிந்ததா?

கோபத்தோடுதான் எழுதுகிறேன், நம் பிள்ளைகள் மேலுள்ள பாசத்தால் வந்த கோபம்.

மாலையானால் பையனுக்குத் தொப்பியை மாட்டி மதரஸாவுக்கு அனுப்புகிறோம். ஆண்டு விழா மேடையில் அவன் யாஸீன் ஓதினால் கண் கலங்குகிறோம், செல்போனில் படம் பிடிக்கிறோம். நல்லதுதான். ஆனால் மறுநாள் காலையில் மளிகைக் கடைக்காரர் பாக்கி கேட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அதே பையனைக் கூப்பிட்டு, "அத்தா ஊர்ல இல்லைன்னு சொல்லுடா" என்று அனுப்புவது யார்? அவன் கதவைப் பாதி திறக்கிறான். உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்க்கிறான். பிறகு அந்தப் பொய்யைச் சொல்கிறான். ஏழு வயதுப் பிள்ளை! உஸ்தாத் வருஷம் முழுக்கத் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்ததை நாமே அரை நிமிஷத்தில் அழித்துவிடுகிறோம்.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் சிறு பிள்ளையாக இருந்தபோது, அவருடைய தாய் ஏதோ தருவதாகச் சொல்லி அவரைக் கூப்பிட்டார். என்ன கொடுக்க நினைத்தீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள். நாமோ அழுகிற குழந்தையை அடக்க நாள் முழுக்க எதையெல்லாம் சொல்கிறோம்! வாங்கித் தராத ஐஸ்கிரீம், வராத பூச்சாண்டி, ஊசி போடும் டாக்டர். இதையெல்லாம் பொய்க்கணக்கில் சேர்க்கவே நமக்குத் தோன்றுவதில்லை.

ஏழு வயதில் தொழ ஏவச் சொல்லும் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொன்ன நபியவர்களிடம் சிறுவராகச் சேர்ந்து பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தவர் அனஸ் (ரலி). ஒரு தடவைகூட நபியவர்கள் தம்மைச் 'சீ' என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததில்லை என்கிறார் அவர். நம் வீடுகளில் தொழுகை என்ற பேச்சே அதட்டலில்தான் தொடங்குகிறது. மகன் சுப்ஹுக்கு எழவில்லை என்று எட்டு மணிக்குக் கத்துகிற அத்தாமார்களே, பாங்கு சொன்ன நேரத்தில் நீங்கள் ஸஃப்பில் நின்றீர்களா, போர்வைக்குள் கிடந்தீர்களா?

மஃரிபுக்குப் பிறகு டிவியை அணைத்துவிட்டு, லுக்மான் அத்தியாயத்தைத் தர்ஜுமாவோடு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அதில் ஒரு தகப்பன் மகனிடம் பேசுகிறார். அல்லாஹ்வுக்கு இணை வைக்காதே என்று ஆரம்பித்து, தொழுகை, பொறுமை என்று வந்து, மனிதர்களிடம் முகத்தைத் திருப்பாதே, கர்வமாக நடக்காதே, குரலைத் தாழ்த்து என்பது வரை சொல்கிறார். ஈமானும் அக்லாக்கும் அங்கே ஒரே பேச்சில் வருகின்றன. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் நம் குரல் எப்படி உயர்கிறது என்பதைப் பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த வாரமே மதரஸாவுக்குப் போய் உஸ்தாதைப் பாருங்கள். எத்தனையாவது ஜுஸ்உ ஓதுகிறான் என்பதோடு நிறுத்தாதீர்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறான், தப்புச் செய்தால் ஒப்புக்கொள்கிறானா என்றும் கேளுங்கள். உஸ்தாத் குறை சொன்னால், அங்கேயே பிள்ளையை அடிக்கக் கை ஓங்காமல், முழுதாகக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.