ஆர்வெல்லுக்கே தோன்றாத ஒன்று

வடகொரியா என்றாலே ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை இழுத்துவிடுகிறார்கள். பொருத்தம் இல்லாமல் இல்லை. நாவலில் திரும்பிய பக்கமெல்லாம் பெரியண்ணன் படம்; அங்கே வீட்டுக்கு வீடு கிம் இல் சுங், கிம் ஜாங் இல் படங்கள். நாவலில் அணைக்க முடியாத தொலைத்திரை; அங்கே அரசு அலைவரிசையைத் தவிர வேறெதையும் பிடிக்காத வானொலி. 1949 ஜூனில் நாவல் வந்தபோது வடகொரிய அரசுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்பீடு உடைகிறது. நம் கண்ணில் முதலில் படவேண்டிய இடம் அது.

ஆர்வெல்லின் ஓசியானியாவில் கட்சி உறுப்பினர் தகுதி, கொள்கையளவிலாவது, பரம்பரைச் சொத்து அல்ல. பதினாறு வயதில் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அடித்தட்டு மக்களை நடைமுறையில் மேலே விடுவதில்லை என்பது வேறு விஷயம். வடகொரியாவில் ‘சோங்புன்’ என்றொரு முறை. 1950களின் இறுதியில் விசாரணையைத் தொடங்கி, குடிமக்களை விசுவாசிகள், ஊசலாடுவோர், பகைவர் என மூன்றாகப் பிரித்தார்கள். அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகள். நீ யார் என்பதல்ல கேள்வி. ஜப்பானியர் ஆட்சியிலும் கொரியப் போரிலும் உன் தாத்தா என்னவாக இருந்தார் என்பதே கேள்வி. படிப்பு, வேலை, கட்சி, பியோங்யாங்கில் குடியிருக்கும் உரிமை எல்லாம் அதன்படிதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூட அதைப் பார்த்துத்தான். (எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா?) 1990களின் பஞ்சத்துக்குப் பின் சந்தையும் லஞ்சமும் இந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன, அவ்வளவே.

“நிலப்பிரபுவின் பேரனுக்காக நீங்கள் ஏன் வருந்துகிறீர்கள்?” என்று தோழர்கள் கேட்கலாம். 1946இல் நிலப்பிரபுக்களின் நிலத்தை எடுத்து உழுதவனுக்குக் கொடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பேரன் நிலத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிறந்தது ஒன்றே அவன் குற்றம். போரில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படாத தென்கொரியச் சிப்பாய்கள் பலரை நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கும் அதே சுரங்கம்தான். அப்பன் தொழில் மகனுக்கு என்பதை மனு எழுதினால் என்ன, கட்சி எழுதினால் என்ன?

கொரியாவிலும் தீண்டப்படாதவர்கள் இருந்தார்கள். இறைச்சி வெட்டுவதும் தோல் வேலையும் செய்த பெக்ஜோங் மக்கள். 1894இல் சட்டம் பிறப்புத் தகுதிகளை ஒழித்தது, இழிவு போகவில்லை. 1923இல் ஜின்ஜு நகரில் அவர்கள் தங்களுக்கென்று இயக்கம் கட்டினார்கள். அதே மண்ணின் வடபாதியில், நாற்பது ஆண்டு கழித்து, புரட்சியின் பெயரால் பிறப்பை மறுபடியும் கோப்பில் ஏற்றினார்கள்.

2014இல் வந்த ஐ.நா. விசாரணை ஆணைய அறிக்கையை ஏகாதிபத்தியப் பொய் என்று தள்ளும் தோழர்கள், சோங்புன் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள். பிறகு பேசுவோம்.