நாவின் காவலும் நாவின் கடமையும்

இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் நா தலையாயது. எலும்பில்லாத அச்சிறு உறுப்பே உறவைச் சேர்க்கிறது. அதுவே உறவை அறுக்கவும் செய்கிறது. ஆதலின் நாவைக் காத்தல் வேண்டும் என்பதில் சமயங்களுக்குள் வேற்றுமை இல்லை.

'மௌனம் கலக நாசம்' என்பது நம் முன்னோர் வழக்கு. 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பதும் அவர்கள் வழக்கே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? கலகத்திற்கு அஞ்சி வாய்மூடி இருப்பவர் நடப்பதற்கெல்லாம் உடன்பட்டவர் ஆவாரா? ஆவார் எனில் மௌனம் அறமாகுமா? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

வள்ளுவப் பெருந்தகை, பயனற்ற சொல்லைத் தவிர்த்தற்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் 20ஆம் அதிகாரம். அவரே அவைக்கு அஞ்சாது பேசுதற்கென்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். அது 73ஆம் அதிகாரம். இரண்டிற்கும் பத்துப் பத்துக் குறட்பாக்களே. அடங்கலும் அஞ்சாமையும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பது இதனால் விளங்கும். 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், தம் பெருநூலாகிய 'இஹ்யா உலூமித்தீ'னில் நாவினால் விளையும் கேடுகளை ஆராய்வதற்கென்றே தனிப்பகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். அப்பெருமகனார் நாவைக் காக்கச் சொன்னார்களேயன்றி, அறத்தைச் சொல்லும் கடமையிலிருந்து நாவை விடுவிக்கவில்லை. நன்மையை ஏவித் தீமையை விலக்குவதற்கும் அதே நூலில் தனிப்பகுதி உண்டு.

ஆன்மிக வாழ்வில் மௌனத்திற்கு உயர்ந்த இடம் உண்டு. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுமுன் ஹிராக் குகையின் தனிமையை நாடினார்கள். ஆயினும் கி.பி. 610ஆம் ஆண்டளவில் அத்தனிமையைத் தேடி வந்த முதல் இறைக்கட்டளை, ஓதுமாறு பணித்த கட்டளையேயாகும். குகையின் அமைதி, மக்கள் மன்றத்தில் உண்மையை எடுத்துரைப்பதற்கான ஆயத்தமாக அமைந்தது. பச்சிளங் குழந்தையோடு ஊர் திரும்பிய அன்னை மர்யம் (அலை) அவர்களுக்கு மௌன நோன்பு விதிக்கப்பட்டது. பழி சுமத்தியோரிடம் அன்னையார் வாதிடவில்லை. குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள். தம் மானத்தைக் காக்கும் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைத்தவரின் மௌனம் அது.

திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமாகிய 'அல்கஹ்ஃபு' கூறும் மற்றொரு வரலாறும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தாமாக விளக்கும்வரை எதுவும் வினவலாகாது என்னும் நிபந்தனையோடு, ஹிள்ர் (அலை) அவர்கள் மூஸா (அலை) அவர்களை உடன் அழைத்துச் சென்றார்கள். படகு சேதப்படுத்தப்பட்டபோதும் சிறுவன் கொல்லப்பட்டபோதும் மூஸா நபியால் வாளாவிருக்க இயலவில்லை. மூன்றாம் முறை, சுவரைச் செப்பனிட்டதற்குக் கூலி பெற்றிருக்கலாமே என்றார்கள். அதன்பின் பிரிவு நேர்ந்தது. முதலிரு முறையும் எழுந்தது பிறர்க்கு நேர்ந்த தீங்கு கண்டு பதறிய குரல். நபிமார்களின் செயலை எடைபோடும் தகுதி நமக்கில்லை. படிப்பினை கொள்ளும் கடமையோ உண்டு. மாணவர் கற்கும்போது பொறுமையோடு செவிமடுத்தல் வேண்டும் என்பது ஒரு படிப்பினை. ஹிள்ர் (அலை) அவர்களுக்கு இறைவன் வழங்கிய தனியறிவு தமக்கும் வாய்த்ததாகக் கருதிக்கொண்டு, ஆசிரியரோ பெரியவரோ இளையோரின் வினாவை அடக்குதல் தகாது என்பது மற்றொன்று.

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். சினம் தலைக்கேறிய வேளையில் வாய்மூடுதல் வேண்டும். பிறர் குறையைப் பேசிச் சுவைக்கும் கூட்டத்தில் வாய்மூடுதல் வேண்டும். மய்யித்து வீட்டில் அறிவுரை வழங்காது அருகில் அமர்ந்திருத்தலே ஆறுதல். செய்த உதவியைச் சொல்லிக் காட்டாமை பண்பு. இவ்விடங்களிலெல்லாம் நாம் மௌனம் காப்பதால் இழப்பு எவர்க்கும் இல்லை. நம் செருக்கு ஒன்றே சிறிது குறையும்.

ஆனால் பிறர் மானம் பேச்சுப்பொருளாகும் இடம் வேறு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு பரவிய நாள்களில், அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் மற்றொரு துணைவியாராகிய ஸைனப் (ரலி) அவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஸைனப் (ரலி) அவர்களின் உடன்பிறந்தாரே அவ்வதந்தியில் சிக்கியிருந்த நேரம் அது. அவர்கள் ஒன்றும் சொல்லாது ஒதுங்கியிருப்பின் ஐயம் வளர்ந்திருக்கும். அவ்வாறு ஒதுங்காமல், ஆயிஷா (ரலி) அவர்களிடம் தாம் அறிந்தது நன்மையே என்று சான்று பகர்ந்தார்கள். அவதூறு பேசாமை நாவின் காவல். நற்சான்று பகர்தல் நாவின் கடமை. அம்மாதரசி இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றினார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் முற்றத்தைப் பாராது போனால் இக்கட்டுரையும் பயனில் சொல்லாகிவிடும். நம் நிகாஹ் மஜ்லிஸை நோக்குவோம். மணமகளிடம் சம்மதம் கேட்கப்படுகிறது. கன்னிப்பெண் நாணத்தால் பேசாதிருப்பின் அம்மௌனத்தை இசைவாகக் கொள்ளலாம் என்பது நபிமொழி வழிவந்த நெறி. பெண்ணின் நாணத்திற்கு மதிப்பளித்து வழங்கப்பட்ட சலுகை இது. அவளிடம் கேளாமலே முடிவெடுத்துவிட்டு, மண்டபம் நிறைந்தபின் வந்து கேட்பதற்கு இதில் இடமில்லை. நாணத்தின் மௌனம் வேறு. அச்சத்தின் மௌனம் வேறு. இரண்டையும் பிரித்தறியப் பெற்றோர்க்குத் தெரியாதா? முன்னரே மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்னும் பெண்மணி, தம் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை செய்துவைத்த மணத்தைப் பற்றி அண்ணலாரிடம் முறையிட்டபோது, அம்மணம் செல்லாதென நீக்கப்பட்டது. வாய்திறந்த பெண்ணை அன்று எவரும் அடங்காதவள் என்று ஒதுக்கவில்லை.

அதே மஜ்லிஸில் மஹர்த் தொகை அனைவர் செவியிலும் விழுமாறு அறிவிக்கப்படுகிறது, தஃப்தரிலும் பதியப்படுகிறது. கைக்கூலியோ ஓசையின்றிக் கைமாறுகிறது. அதற்குத் தஃப்தரில் இடமில்லை. வரதட்சணை கொடுத்தலும் வாங்கலும் குற்றம் என 1961ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. மணமகன் மணமகளுக்கு மஹர் வழங்குக என்பது மார்க்கத்தின் கட்டளை. இரண்டையும் அறிந்த பெரியோர் முன்வரிசையில் அமர்ந்து, உள்ளதை உணர்ந்தும் ஒன்றும் அறியாதார் போல் துஆவுக்குக் கையேந்துவது எவ்வகை மௌனம்? வீட்டை விற்றுக் கொடுத்த தந்தையின் கண்ணீர் அம்மௌனத்தை மன்னிக்குமா? சாட்சியத்தை மறைத்தலைக் கண்டிக்கும் மறையை ஓதும் சமுதாயம் நாம் அன்றோ?

மௌனத்தின் தகுதியை அறிய ஓர் உரைகல் உண்டு. நாம் பேசாதிருப்பதால் இழப்பு யாருக்கு? நம் தற்பெருமைக்கு எனில் மௌனமே சிறந்தது. பிறர் உரிமைக்கு எனில் அம்மௌனம் அநீதிக்கு நாம் இடும் கையொப்பம். பேச நேரும்போதும் இன்சொல்லால், உரிய இடத்தில், உரியவரிடம் பேசுதல் வேண்டும். மேடையில் இடித்துரைப்பதைவிடத் தனிமையில் எடுத்துரைப்பது பல வேளைகளில் பயன்தரும்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுக்கும் நிகாஹ் மஜ்லிஸ் கூடும். கைக்கூலி வேண்டா என்னும் சொல்லை அன்று உங்கள் நா சொல்லட்டும். சமுதாயப் பெரியோர்களே! அச்சொல்லைச் சொல்லும் இளைஞனைத் தனியே விட்டுவிடாதீர்கள். அவனைத் தொடர்ந்து ஒலிக்கும் இரண்டாம் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். அதன்பின் நாம் காக்கும் மௌனம் தொழுகைக்குப் பின்வரும் மௌனம்போல் உள்ளத்திற்கு அமைதி தரும்.